இயங்க மறுக்கும் நீரிறைக்கும் இயந்திரம்

கற்பிட்டிக் குடாநாட்டுக் கமக்காரர் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவு



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உரமுமன்று, பீடைநாசினியுமன்று. நேற்று மாலை நன்றாக ஓடிய நீரிறைக்கும் இயந்திரம் இன்று காலை ஏன் ஓட மறுக்கிறது என்பதே இன்றைய பொருள். இது சிறிய விடயம் என்று சிலர் கருதலாம். ஆனால் உங்கள் தோட்டங்களுக்கு நான் வரும்போதெல்லாம் விதையைப் பற்றிக் கேட்பவர்களைவிட இதைப் பற்றிக் கேட்பவர்களே அதிகம். அப்படிக் கேட்பதிற் காரணமுண்டு.

நம்முடைய மண் மணல். முந்தலிலிருந்து பாலாவி வரையும், அங்கிருந்து நுரைச்சோலை, தலவில், ஏத்தாளை, கற்பிட்டி வரையும் கடலுக்கும் களப்புக்கும் இடையே கிடக்கும் இத்தரை, நீரை வாங்குவதில் வல்லது. வாங்கிய நீரைப் பிடித்து வைப்பதிற் பலமற்றது. களிமண் வயலில் இரண்டு நாள் நீர் தாமதமானால் நெற்பயிர் பொறுத்துக்கொள்ளும். நமது சின்ன வெங்காயமும் மிளகாய் நாற்றும் அவ்வாறு பொறுப்பதில்லை. சோழகக் காற்று வீசும் மாதங்களில், காலையில் நனைத்த பாத்தி நண்பகலுக்குள் வெளுத்துவிடும். இரண்டு நாள் இயந்திரம் நின்றால், இலை நுனி கருகி, கிழங்கு திரளும் பருவத்திற் பயிர் தேங்கிவிடுகிறது. பின்னர் எவ்வளவு இறைத்தாலும் இழந்ததை முழுவதும் மீட்க முடியாது. ஆதலால் இயந்திரத்தின் நோயை அறிவதும் பயிரின் நோயை அறிவது போன்றதொரு கமத்தொழிற் கல்வியே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாலையில் ஓடி, காலையில் ஓடாத இயந்திரம் பெரும்பாலும் பழுதடைந்த இயந்திரமன்று. அதனை நிறுத்திய முறையிலோ, இரவில் அது இருந்த இடத்திலோதான் குற்றம் இருக்கும். இதனை அறியாது கயிற்றை நூறு தடவை இழுப்பதால் தோளும் நோகும், கயிறும் அறும், நல்ல பிளக்கும் நனைந்து கெடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏத்தாளைப் பக்கத்தில் ஒரு வெங்காயத் தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். தோட்டக்காரர் அதிகாலைத் தொழுகை முடிந்ததும் கிணற்றடிக்கு வந்தவர். நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. சட்டையைக் கழற்றி மரத்திற் போட்டுவிட்டு, வியர்வை வழிய நின்றிருந்தார். “சேர், நேற்று மாலை நல்லா ஓடின மெசின். இராத்திரி அதுக்கு என்ன நடந்தது?” என்று கேட்டார். “நானா, இராத்திரி ஒன்றும் நடக்கவில்லை. மாலையில் எப்படி நிறுத்தினீர்கள் என்று சொல்லுங்கள்” என்றேன். மஃரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் ஓடிக்கொண்டிருந்தபடியே சுவிச்சை அணைத்துவிட்டுப் போனதாகச் சொன்னார். காரணம் அவ்வளவே. அவருடையது பெற்றோலில் ஆரம்பித்து மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம்.

இதனைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் பகுதியில் இயந்திரம் ஓடாமைக்கு இதுவே மிகப் பெரிய காரணம். இயந்திரத்தினுள் எரிவது எண்ணெயன்று, எண்ணெயின் ஆவியே. பெற்றோல் எத்துணைக் குளிரிலும் ஆவியாகும் இயல்புடையது. மண்ணெண்ணெயோ ஏறக்குறைய 38 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறினாலன்றித் தீப்பற்றத்தக்க அளவு ஆவியைத் தராது. ஓடிச் சூடேறிய இயந்திரம் மண்ணெண்ணெயை எளிதில் எரிக்கும். பனி விழுந்த காலையிற் குளிர்ந்து கிடக்கும் இயந்திரம் அதனை எரிக்கமாட்டாது. இதனாலேயே இத்தகைய இயந்திரங்களுக்கு இரண்டு தாங்கிகள் வைத்திருக்கிறார்கள்: ஒன்று பெற்றோலுக்கான சிறிய தாங்கி, மற்றையது மண்ணெண்ணெய்க்கான பெரிய தாங்கி.

எண்ணெய் தாங்கியிலிருந்து நேராக இயந்திரத்தினுட் செல்வதில்லை. காபரேற்றரின் அடியிலுள்ள ஒரு சிறு கிண்ணத்தில் நிறைந்து, அங்கிருந்தே உறிஞ்சப்படுகிறது. மண்ணெண்ணெயில் ஓடும்போதே இயந்திரத்தை நிறுத்தினால், அக்கிண்ணம் நிறைய மண்ணெண்ணெய் தங்கிவிடும். மறுநாட் காலையில் நீங்கள் பெற்றோற் பக்கம் பிடியைத் திருப்பினாலும், முதலில் உறிஞ்சப்படுவது கிண்ணத்திற் கிடக்கும் மண்ணெண்ணெயே. அது எரியாது, பிளக்கை நனைக்கும். நனைந்த பிளக்கில் தீப்பொறி எழாது. பின்னர் பெற்றோல் வந்தாலும் பயனில்லை.

இதற்குப் பரிகாரம் எளிது. இரண்டு தாங்கிகளின் எண்ணெயையும் மூடுங்கள். காபரேற்றர்க் கிண்ணத்தின் அடியில் ஒரு சிறு திருகாணி உண்டு. அதன்கீழ் ஒரு தகரப்பேணியை வைத்துத் திருகாணியைத் தளர்த்தினால் கிண்ணத்திலுள்ள எண்ணெய் முழுவதும் வடிந்துவிடும். பேணி இல்லாமல் மணலில் வடியவிடாதீர்கள். கிணற்றடி மணலில் விழும் எண்ணெய் மழையோடு கிணற்றுக்கே இறங்கும். திருகாணியை இறுக்கி, பெற்றோலை மாத்திரம் திறந்து, கிண்ணம் நிறைய ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். இதற்கிடையிற் பிளக்கைக் கழற்றித் துடைத்து வெயிலிற் காயவைத்து மீண்டும் பூட்டலாம். ஏத்தாளை நண்பரின் இயந்திரம் இவ்வளவும் செய்தபின் மூன்றாம் இழுவையில் ஓடியது. அவர் முகத்திற் கண்டது மகிழ்ச்சியா, நான்கு மணிநேரம் வீணே இழுத்த கோபமா என்று எனக்கு இன்றும் தெளிவில்லை.

பரிகாரத்தினும் சிறந்தது தடுப்பு. மாலையில் இறைப்பு முடியும் நேரத்துக்குச் சில நிமிடங்கள் முன்னதாகவே பிடியைப் பெற்றோற் பக்கம் திருப்பிவிடுங்கள். கடைசிப் பாத்திக்கு நீர் பாயும் நேரமே இதற்குத் தக்க நேரம். கிண்ணத்திலுள்ள மண்ணெண்ணெய் எரிந்து தீர்ந்து பெற்றோல் நிரம்பியபின் சுவிச்சை அணைக்கலாம். காலையில் ஆரம்பிக்கும்போதும் பெற்றோலில் ஆரம்பித்து, இயந்திரம் நன்கு சூடேறி, நீர் ஏறி, பாரம் தாங்கி ஓடத் தொடங்கியபின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பெற்றோல் விலை உயர்வென்று அவசரப்பட்டு மாற்றுபவர், பிளக்கிலும் பிஸ்டனிலும் கரி படிந்து அதனைவிட அதிகம் செலவழிக்கிறார்.

நிற்க, உங்களிற் பலர் இப்போது பெற்றோலில் மாத்திரம் ஓடும் இயந்திரங்களை வைத்திருக்கிறீர்கள். 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மண்ணெண்ணெய் இலீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மண்ணெண்ணெய் இயந்திரத்தின் பழைய ஆதாயம் அன்றோடு குறைந்தது. ஆனால் பெற்றோல் இயந்திரமும் காலையில் அடம்பிடிக்கும். அதனை எவ்வாறு சோதிப்பது என்று பார்ப்போம்.

எந்தப் பெற்றோல் இயந்திரமும் ஓடுவதற்கு மூன்று வேண்டும்: எரியத்தக்க எண்ணெய், தக்க தருணத்தில் எழும் தீப்பொறி, காற்றை உள்ளே அழுத்திப் பிடிக்கும் வலிமை. இம்மூன்றில் எது குறைந்தது என்பதைக் கேட்டறிய ஒரு சாட்சி உண்டு. அதுதான் பிளக். ஏழெட்டுத் தடவை இழுத்தும் இயந்திரம் ஓடவில்லையென்றால், மேலும் இழுக்காது பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள்.

முனை உலர்ந்திருந்தால் எண்ணெய் வந்து சேரவில்லை என்பது பொருள். தாங்கியில் எண்ணெய் உண்டா, எண்ணெயை விடும் பிடி திறந்திருக்கிறதா என்று முதலிற் பார்க்க வேண்டும். இவை எல்லோருக்கும் தெரிந்தவைதாமே என்று நகைக்க வேண்டாம். பிடியைத் திறக்க மறந்துவிட்டு மெக்கானிக்கை அழைத்தவர்கள் நம்மிடையே உளர்; சுவிச்சைப் போடாமல் இழுத்தவர்களும் உளர்; நானும் ஒருநாள் அவ்வாறு இழுத்திருக்கிறேன். பிடி திறந்திருந்தும் எண்ணெய் வராவிடின், தாங்கி மூடியின் சிறு துளையைப் பாருங்கள். எண்ணெய் இறங்க இறங்க அவ்வழியாகக் காற்று உட்செல்ல வேண்டும். நமது மணல் அத்துளையை அடைத்துவிட்டால் எண்ணெய் இறங்காது. ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களில் நின்று, சிறிது ஓய்ந்தபின் மீண்டும் ஓடி, மீண்டும் நிற்கும் இயந்திரத்தில் இக்குற்றத்தை ஐயுறுங்கள். மூடியைச் சற்றுத் தளர்த்தியதும் நிற்காது ஓடினால் ஐயம் உறுதியாகிவிடும். மூடித் துளையும் சரியாயிருந்தால், தாங்கியின் அடியிலுள்ள வடியிலோ காபரேற்றரின் நுண்துளையிலோ அழுக்குச் சேர்ந்திருக்கும். நுண்துளையைக் கம்பியாற் குத்தி அகலப்படுத்தாதீர்கள். காற்றினால் ஊதித் துப்புரவாக்குவதே முறை.

முனை நனைந்திருந்தால் எண்ணெய் வருகிறது, ஆனால் எரியவில்லை என்பது பொருள். சோக்கை மூடியபடியே பல தடவை இழுத்தாலும் இவ்வாறு நனையும். குளிர்ந்த இயந்திரத்துக்கே சோக் மூடியிருக்க வேண்டும். சற்றுமுன் ஓடிச் சூடாக இருக்கும் இயந்திரத்துக்கு அதனைத் திறந்தே இழுக்க வேண்டும். அதிகம் நனைந்துவிட்டால், எண்ணெயை மூடி, சுவிச்சை அணைத்து, சோக்கைத் திறந்து, பிளக் இல்லாமலே ஏழெட்டுத் தடவை இழுங்கள். உள்ளே தேங்கிய பெற்றோல் ஆவியாக வெளியேறும். அவ்வேளையில் அருகில் பீடி, சுருட்டு, தீப்பெட்டி எதுவும் இருத்தலாகாது.

அடுத்து தீப்பொறி. துடைத்த பிளக்கை அதன் இறப்பர் மூடியோடு பொருத்தி, பிளக்கின் உலோக உடல் இயந்திரத்தின் உலோகத்தைத் தொடும்படி வைத்து, சுவிச்சைப் போட்டு, ஒருவர் கயிற்றை இழுக்க மற்றவர் முனையைப் பார்க்கலாம். நீலநிறப் பொறி எழுந்தால் நன்று. இறப்பர் மூடியை மாத்திரமே பிடிக்க வேண்டும். உலோகத்தைத் தொட்டால் மின் தாக்கும். பிளக் கழற்றிய துவாரத்துக்கு எட்டவே இச்சோதனையைச் செய்க. சிந்திய பெற்றோலைத் துடைத்தபின்னரே செய்க. பிளக்கின் இரு முனைகளுக்கும் இடையிலான இடைவெளி பெரும்பாலான சிறு இயந்திரங்களில் 0.7 மில்லிமீற்றர் அளவினது. உங்கள் இயந்திரத்தின் கைந்நூலில் வேறு அளவு கூறியிருந்தால் அதனையே கொள்க. சந்தேகமிருப்பின் புதிய பிளக் ஒன்றைப் பூட்டிப் பாருங்கள். தோட்டத்துக் குடிசையில் ஒரு பிளக்கும் அதனைக் கழற்றும் சாவியும் எப்போதும் இருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. ஒரு வெங்காயப் பாத்தியின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவேயன்று.

புதிய பிளக்கிலும் பொறி இல்லையாயின் பலர் உடனே கம்பிச்சுருள் எரிந்துவிட்டது என்று முடிவு கட்டி, புதியது வாங்கப் புத்தளத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். நானும் ஒருமுறை அவ்வாறு பிழையாகச் சொல்லி ஒருவரை அலைக்கழித்திருக்கிறேன். புதிய கம்பிச்சுருள் வந்தது, பூட்டினோம், பொறி எழவில்லை. பின்னர் அவருடைய மகன், பாடசாலை மாணவன், இயந்திரத்தை மணலிலிருந்து தூக்கிச் சீமெந்துத் திண்ணையில் வைத்தான். இழுத்ததும் ஓடிற்று. காரணம் யாதெனில், இக்காலத்து இயந்திரங்கள் பலவற்றில், உள்ளிருக்கும் மசகெண்ணெய் குறைந்தால் தீப்பொறியைத் தானே நிறுத்திவிடும் ஓர் அமைப்பு உண்டு. எண்ணெயின்றி ஓடி இயந்திரம் இறுகிவிடாது காக்கவே அதனை வைத்திருக்கிறார்கள். ஆனால் இயந்திரம் மணலில் ஒரு பக்கம் புதைந்து சாய்ந்து நின்றால், எண்ணெய் ஓரளவு இருந்தும் அவ்வமைப்பு எண்ணெய் இல்லையென்றே கருதும். மணற்றோட்டத்தில் ஓடும்போதெல்லாம் அதிர்ந்து அதிர்ந்து இயந்திரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்கிறது. ஆதலால் ஒரு தடித்த பலகையோ சீமெந்துக் கல்லோ இட்டு மட்டமாக வைத்தபின் மசகெண்ணெயை அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் நிரப்புங்கள். எண்ணெய் கறுத்து மணல் கலந்திருந்தால் மாற்றுங்கள். சிறு இயந்திரங்களுக்குப் பொதுவாக 100 மணிநேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருப்பார்கள். நமது தூசியில் அதற்கும் முந்தி மாற்றுவதே நல்லது.

தீப்பொறியைக் கெடுக்கும் இன்னொரு பகை உப்பு. சோழகக் காற்று வீசும் மே முதல் செப்தெம்பர் வரையான மாதங்களில், கடலின் உப்புத் தூவலும் நுண்மணலும் சேர்ந்து வந்து எல்லாவற்றின் மீதும் படிகின்றன. இதே காற்றை நாடித்தான் வெளிநாட்டார் கற்பிட்டிக்கு வந்து பட்டம் பிடித்துக் கடலிற் சறுக்குகிறார்கள். இதே காற்றில்தான் கரையோரக் காற்றாடிகள் மின்சாரம் தருகின்றன. நமது இயந்திரத்துக்கு அது கேடு. பிளக்கின் கம்பி நுனி, சுவிச்சுக் கம்பி பொருந்தும் இடம் ஆகியவற்றில் பச்சைநிறக் களிம்பு பிடித்திருந்தால் அவ்விடத்தை உரசித் துப்புரவு செய்யுங்கள். இரவிற் கிணற்றடியிலேயே இயந்திரத்தை விடுபவர், கடற்பக்கம் தடுப்பு வைத்த சிறு கொட்டில் ஒன்று போடுதல் நன்று, கிடுகு போதும். சூடான இயந்திரத்தைப் பொலித்தீனால் இறுகச் சுற்றி மூடும் பழக்கத்தை நான் ஆதரிப்பதில்லை. உள்ளே வேர்த்து, அந்த ஈரமே காலையிற் பொறியைக் கெடுக்கிறது. ஆறியபின், கீழே காற்றோட்டம் விட்டு, மேலே மாத்திரம் மூடுங்கள்.

எண்ணெயின் தரத்தைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். 2022ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டிற் பலர் கையிற் கிடைத்த பெற்றோலையெல்லாம் கான்களில் சேர்த்து வைக்கப் பழகினர். தட்டுப்பாடு நீங்கியும் அப்பழக்கம் சில வீடுகளில் நீங்கவில்லை. பெற்றோல் நெல்லைப் போற் களஞ்சியப்படுத்தும் பொருளன்று. ஒரு மாதத்துக்கு மேற் கிடந்தால் அதன் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துவிடும். எஞ்சியது பிசினாகிக் காபரேற்றர்த் துளைகளை அடைக்கும். பழைய வர்ணப்பூச்சின் மணம் வீசும் பெற்றோலை இயந்திரத்தில் ஊற்றாதீர்கள். அறுவடை முடிந்து அடுத்த செய்கைவரை இயந்திரத்தை வைக்கும்போதும், தாங்கியையும் கிண்ணத்தையும் வடித்துவிட்டே வையுங்கள். நீர் கலந்திருக்குமென்று ஐயமாயின், ஒரு வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிச் சற்றுநேரம் அசையாது வையுங்கள். நீர் அடியில் தனியாகத் தங்கிக் காட்டும். மண்ணெண்ணெய் கலந்ததென்று ஐயமாயின், வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி விட்டுக் காற்றிற் காயவிடுங்கள். தனிப் பெற்றோல் தடமின்றிப் பறந்துவிடும். மண்ணெண்ணெய் நெய்ப்பசைத் தடத்தை விட்டுச் செல்லும்.

எண்ணெயும் நன்று, பொறியும் நன்று, ஆயினும் ஓடவில்லை என்றால் மூன்றாவதைச் சோதியுங்கள். சுவிச்சை அணைத்து, பிளக் பூட்டியபடி, கயிற்றை மெதுவாக இழுங்கள். ஓரிடத்தில் அது உங்கள் கையை எதிர்த்து நிற்க வேண்டும். நூற்பந்திலிருந்து நூலை இழுப்பது போலத் தடையின்றி வந்தால், வால்வோ பிஸ்டன் வளையமோ தேய்ந்துவிட்டது. இது மெக்கானிக்கின் வேலை; நீங்கள் அதிற் கைவைக்க வேண்டாம். ஆனால் அந்நிலை வராமற் காப்பது உங்கள் வேலை. காற்று வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டினால் இயந்திரம் எளிதாக ஓடுகிறதென்று சிலர் சொல்கிறார்கள். எளிதாக ஓடுவது உண்மையே. அத்துடன் நமது மணலையும் அது குடித்து ஓடுகிறது. பஞ்சு போன்ற வடிகட்டியைச் சவர்க்கார நீரிற் கழுவி, நன்கு காயவைத்து, சில துளி மசகெண்ணெய் விட்டுப் பிழிந்து மீண்டும் பூட்ட வேண்டும். கடதாசி வடிகட்டியாயின் கழுவாது தட்டித் தூசியை நீக்குங்கள். சோழக மாதங்களில் வாரம் ஒருமுறை செய்தாலும் மிகையன்று.

இங்கு வந்திருப்போரில் தப்போவைக் குளத்தின் கீழும் இங்கினிமிட்டிய நீர்த்தேக்கத்தின் கீழும் நெற்செய்கை செய்வோரும் உளர். அவர்களுடைய வண்டி இருசில்லு உழவு இயந்திரம். நம்மவர் லாண்ட்மாஸ்டர் என்று வழங்குவது. அது டீசலில் ஓடுவதால் அதற்குப் பிளக் இல்லை. மேற்கூறிய சாட்சியும் இல்லை. அதில் அடிக்கடி நேரும் குற்றம், டீசல் முற்றாகத் தீரும்வரை ஓட்டுவதால் எண்ணெய்க் குழாயிற் காற்றுப் புகுவதே. பின்னர் தாங்கியை நிரப்பி எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அது ஓடாது. டீசல் வடிகட்டியின் மேலுள்ள திருகாணியைத் தளர்த்தி, குமிழியோடு வரும் எண்ணெய் குமிழியின்றி வரும்வரை விட்டு இறுக்குங்கள். அவ்வாறே எண்ணெயைப் பாய்ச்சும் பம்பின் குழாய் முனையிலும் செய்யுங்கள். அதன்பின் அழுத்தம் விடும் நெம்பைப் பிடித்துக்கொண்டு சுற்றி, வேகம் ஏறியதும் விடுங்கள். கியர் பொதுநிலையில் இருப்பதை முதலிற் பாருங்கள். வரம்பிற் பிள்ளைகள் நிற்கும்போது, கியரில் விட்டுச் சுற்றி ஆரம்பித்தால் வண்டி ஓட்டுநரின்றியே புறப்பட்டுவிடும்.

இயந்திரம் ஓடத் தொடங்கியபின் நேரும் இரண்டைப் பற்றியும் எச்சரிக்க விரும்புகிறேன். முதலாவது, ஒருநாள் இறைப்புத் தவறிவிட்டதே என்று மறுநாள் இரட்டிப்பு நேரம் இறைத்தல். நமது கிணற்றின் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படை. வேகமாக, நீண்ட நேரம் இழுத்தால் கீழுள்ள உப்புநீர் மேலெழும்பி வரும். தவறிய நீரைக் காலையும் மாலையுமாகப் பிரித்து, இடையிற் கிணறு ஊறவிட்டு இறையுங்கள்.

இரண்டாவது உயிர் பற்றியது. உட்பகுதிகளில் ஆழமான கமக்கிணறு வைத்திருப்போர் சிலர், நீர் மட்டம் இறங்கியதும் இயந்திரத்தைக் கிணற்றினுள்ளே தட்டு அமைத்து இறக்கிவிடுகிறார்கள். காரணம் எனக்கு விளங்குகிறது. இத்தகைய பம்பு ஏறக்குறைய 7 மீற்றருக்குக் கீழுள்ள நீரை உறிஞ்ச வலிமையற்றது. எனினும் பெற்றோல் இயந்திரத்தின் புகையிற் காபன் மொனொக்சைட்டு என்னும் நஞ்சு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கிணற்றினுள் அது கலைந்து போக வழியின்றித் தங்குகிறது. நின்றுவிட்ட இயந்திரத்தைப் பார்க்க இறங்கியவர் மயங்கி விழ, அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் விழுந்து, இருவரும் மாண்ட துயரங்கள் நம் நாட்டிலும் அயல்நாட்டிலும் நிகழ்ந்திருக்கின்றன. கிணற்றினுட் பெற்றோல் இயந்திரத்தை ஒருபோதும் ஓட்டாதீர்கள். ஆழக் கிணற்றுக்கு நீரில் மூழ்கும் மின்பம்பே உரியது. ஏற்கெனவே இறக்கிவைத்த இயந்திரம் உள்ளே நின்றுவிட்டால், அதனைத் திருத்த இறங்காதீர்கள். கயிற்றினால் மேலே இழுத்து வெளியிற் சோதியுங்கள். ஒருவர் உள்ளே மயங்கிவிட்டாரெனில் மேலிருப்பவர் இறங்காது, அயலாரையும் மீட்போரையும் அழைக்க வேண்டும். கற்பிட்டிக் குடாநாட்டில் நீர் மேலேயே கிடைப்பதால் உங்களுக்கு இத்தேவை குறைவு. ஆயினும் உட்பகுதியில் உறவினர் வைத்திருந்தால் அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கடைசியாக மெக்கானிக்கை அழைக்கும்போது என்ன சொல்வது என்பது. ‘மெசின் ஓடவில்லை’ என்று மாத்திரம் சொன்னால் அவர் வெறுங்கையோடு வருவார், அல்லது இயந்திரத்தைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பச் சொல்வார். பிளக் உலர்ந்ததா நனைந்ததா, பொறி உண்டா இல்லையா, கயிறு கையை எதிர்த்ததா, மாலையில் எந்த எண்ணெயில் நிறுத்தினீர்கள் என்ற இந்நான்கையும் சொல்லுங்கள். அவருக்கு வேண்டிய பொருளோடு அன்றைக்கே வரக்கூடும். திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தில் உங்கள் ஐயங்களைக் கேட்கலாம். வகுப்பு முடிந்ததும் வெளியே வைத்திருக்கும் இயந்திரத்தின் கிண்ணத்தை வடித்து, பிளக்கைக் கழற்றிக் காட்டுகிறேன். உங்களில் எவருடைய இயந்திரமாவது இன்று காலை ஓடாமல் வீட்டிற் கிடந்தால், அதனையும் கொண்டுவாருங்கள். இருவரும் சேர்ந்து பார்ப்போம்.